புழுப்பெட்டியில புளிச்ச வாடை, புழுவெல்லாம் மூடிக்கு ஏறுது. எங்க தப்பு?

பந்தாய்_பால்கனி:

வணக்கம். கோலாலம்பூர்ல கொண்டோ, ஒன்பதாவது மாடி. சமையலறைக் குப்பையை உரமாக்கப் புழுப்பெட்டி வெச்சு இன்னையோட 19 நாள். கடைசி அஞ்சு நாளா நிலைமை சரியில்ல. அரைகுறையா கேட்டா அரைகுறையாத்தான் பதில் வரும், அதனால முழுசா எழுதிடுறேன்.

மூடி போட்ட 45 லிட்டர் பிளாஸ்டிக் பெட்டி. அடியில எட்டுத் துளை, மூடியில ஆறு, எல்லாமே 3 மில்லிமீட்டர். கீழ ஒரு தட்டு. புழு குடியிருக்கிற படுக்கைக்கு 650 கிராம் கோக்கோபீட் (தேங்காய் நார்த்தூள்) கட்டி ஒண்ணு, ஊறவெச்சு உதிர்த்து அப்படியே போட்டது. ஆப்பிரிக்கப் புழுங்கிற மண்புழு வகை அரை கிலோ, ஆன்லைன்ல வாங்கினது. பால்கனி மேற்குப் பார்த்தது, மூணு மணியிலிருந்து வெயில் அடிக்கும்.

தீனி தினமும் 300 முதல் 350 கிராம். காய்கறித் தோல், அன்னாசித் தோல், டீத்தூள், மிஞ்சின சோறு, தேங்காய்ப்பால் பிழிஞ்ச சக்கை. சக்கைதான் அதிகம், வாரத்துல நாலு நாள் வந்துடும்.

இப்போ மூடியைத் திறந்தா பழைய இட்லி மாவு மாதிரி புளிச்ச வாடை. இறைச்சிக்குக் குத்திப் பார்க்கிற தெர்மாமீட்டரை நடுவுல செருகினேன்: 38 டிகிரி. ஓரத்துல 32. ராத்திரி புழு சுவர்ல ஏறி மூடிக்கு அடியில கொத்தா தொங்குது, காலையில பத்துப் பதினைஞ்சு தரையில காய்ஞ்சு கிடக்கு. நாலஞ்சு புழுவுக்கு உடம்பு ஒரே சீரா இல்லாம முத்து கோத்த மாதிரி வீங்கி வீங்கி இருக்கு. நூல் மாதிரி வெள்ளையா குட்டிப் புழுக்களும் நிறைய. தட்டுல ஒரு டம்ளர் கறுப்புத் தண்ணி.

மூணு கேள்வி. காப்பாத்த முடியுமா? வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைச்சு ஊத்தினா புளிப்பு எடுத்துடும்னு வீட்டுல அம்மா சொல்றாங்க, சரியா? தட்டுத் தண்ணியைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊத்தலாமா?

செந்தூல்_மாடித்தோட்டம்:

சுண்ணாம்பு வேண்டாம். இதை முதல்ல படிச்சிட்டு மிச்சத்தைப் பிறகு படிங்க. வெற்றிலைச் சுண்ணாம்பு நீற்றின சுண்ணாம்பு, கால்சியம் ஹைட்ராக்சைடு. கரைச்ச தண்ணியோட பி.எச். 12-க்கு மேல. புழு தோலாலதான் மூச்சு விடுது, அந்தத் தோல் ஈரமாவே இருக்கும். அதுமேல இது பட்டா வெந்துடும்.

காப்பாத்தலாம், ஆனா இன்னைக்கே கை வைக்கணும். ஆப்பிரிக்கப் புழுவுக்கு 24 முதல் 30 டிகிரி சுகம். 35-ஐத் தாண்டினா சாக ஆரம்பிக்கும். செத்த புழு ஒரே நாள்ல கரைஞ்சு போயிடும், உடம்பே கிடைக்காது. அதனால பிணத்தைப் பார்க்கலங்கிறதை வெச்சு சேதம் இல்லைன்னு நினைச்சுடாதீங்க.

சூடு ரெண்டு பக்கத்திலிருந்து வருது. சாயங்கால வெயில் ஒண்ணு. அதைவிடப் பெரிய ஆள் தேங்காய்ச் சக்கை. பால் பிழிஞ்சாலும் அதுல எண்ணெய் நிறைய தங்கியிருக்கும். துருவினது பொடிசா இருக்கிறதால பாக்டீரியா ஒரே நேரத்துல மொத்தத்து மேலயும் பாயும். கெட்டியா ஒரே இடத்துல போட்டா அது குப்பைமேடு மாதிரி உள்ளுக்குள்ளயே காயும். ஓரம் 32, நடு 38ன்னு நீங்க எழுதின கணக்கே அதைச் சொல்லுது. வெயில் மட்டும் காரணமா இருந்தா ஓரம்தான் அதிகமா சுட்டிருக்கும். எண்ணெய்ப் பிசுக்கு படுக்கையைப் பூசிக்கும், காத்து போகாது, காத்து போகாத இடம் புளிக்கும். சோறும் அன்னாசியும் அந்தப் புளிப்புக்கு உரம் போட்ட மாதிரி.

முத்து கோத்த மாதிரி வீக்கம் புளிப்பும் புரதமும் மிஞ்சினதோட அடையாளம். தின்னது குடலுக்குள்ள நொதிச்சு, உடம்பு அங்கங்க புடைச்சு அங்கங்க இறுகிடும். அந்த நாலஞ்சும் பெரும்பாலும் பிழைக்காது, எடுத்துடுங்க. மத்ததுக்கு இன்னும் நேரம் இருக்கு.

செய்ய வேண்டியது இதுதான். பெட்டியை வீட்டுக்குள்ள கொண்டு வாங்க. செருப்பு அலமாரிக்குப் பக்கம், சமையலறை மூலை, வெயில் படாத எந்த இடமும் சரி. பழைய பேனர் துணி ஒண்ணை விரிச்சு மொத்தத்தையும் கொட்டுங்க. சக்கை, சோறு, அன்னாசி கண்ணுக்குத் தெரியிற வரைக்கும் கரண்டியால வழிச்சு எடுத்து வெளிய போடுங்க. கஞ்சத்தனம் பார்க்காதீங்க, அதோட நாலு புழு போனாலும் பரவாயில்ல.

புதுப் படுக்கைக்கு அட்டைப்பெட்டி, அந்த நெளி நெளியா உள்ள அட்டைதான். டேப்பும் வழவழப்பான தாளும் உரிச்சிட்டு ரெண்டு விரல் அகலத்துக்குக் கிழிங்க, உலர்ந்த எடை ஒரு கிலோ வேணும். முந்தின ராத்திரி பிடிச்சு வெச்ச குழாய்த் தண்ணியில நனைங்க, குளோரின் பாதி போயிருக்கும். பிறகு கையால இறுக்கிப் பிழியுங்க. ரெண்டு மூணு சொட்டு விழணும், ஒழுகக் கூடாது.

இப்போ முக்கியமானது: எல்லாத்தையும் கலந்துடாதீங்க. பெட்டியில பாதி பழைய படுக்கை, பாதி புது அட்டை, பக்கம் பக்கமா வையுங்க. நல்லா இருக்கிற இடத்தைப் புழுவே தேடிப் போகும். கலந்துட்டா மொத்தப் பெட்டியும் அரைப் புளிப்பு, ஓடி ஒளிய இடமிருக்காது.

ஒரு வாரத்துக்குத் தீனி கிடையாது. பயப்படாதீங்க, அட்டையையே தின்னும். மூணு ராத்திரிக்கு மூடியைத் திறந்து வெச்சு மேல ஒரு விளக்கு எரிய விடுங்க, வெளிச்சம் பிடிக்காம உள்ளயே இருக்கும். நடு வெப்பம் 31-க்குக் கீழ வராட்டி, அரை லிட்டர் தண்ணி பாட்டிலை உறையவெச்சு, நாளிதழ்ல சுத்தி மேலாப்பில வையுங்க, காலையும் மதியமும் மாத்துங்க.

தாமான்_மூலை:

சுண்ணாம்பு பத்தி ஒரு சின்ன மறுப்பு. தோட்டத்துல எல்லாரும் சுண்ணாம்பு போடுறாங்களே, பை பையா விக்கிறாங்க. கொஞ்சமா தூவினா என்ன ஆயிடப் போகுது?

செந்தூல்_மாடித்தோட்டம்:

பேர்தான் ஒண்ணு அண்ணே, சாமான் வேற. தோட்டத்துக்குப் போடுறது அரைச்ச சுண்ணாம்புக்கல், கால்சியம் கார்பனேட், இல்லன்னா டோலமைட். அது மெதுவா கரையும், பி.எச். 8-ஐ ஒட்டி நின்னுடும். வெற்றிலைக்குத் தடவுறது அப்படி இல்ல. பை மேல கார்பனேட்னு எழுதியிருந்தா ஒரு தேக்கரண்டி தூவலாம், அதுக்கு மேல வேண்டாம். புளிச்ச படுக்கையில கார்பனேட் விழுந்தா கரியமில வாயு கிளம்பும், மூடின பெட்டிக்குள்ள அதுவும் தொல்லை. முட்டை ஓடு இருக்கிற வீட்டுல இந்தப் பேச்சே தேவையில்ல. ஓட்டை வெயில்ல காயவெச்சு மிக்சியில மாவா அரைச்சு வாரத்துக்கு ஒரு மேசைக்கரண்டி. கையால நொறுக்கின ஓடு வருஷக் கணக்கா அப்படியே கிடக்கும், மாவா இருந்தாத்தான் வேலை செய்யும். புழு தீனியை அரைக்கவும் அந்த நறநறப்பு உதவும், அதுக்குத்தான் பல் இல்லையே.

ஜெலுத்தோங்_அக்கா:

பினாங்கிலிருந்து எழுதுறேன். செந்தூல் தம்பி சொன்னதெல்லாம் சரி. விட்டுப்போனது ரெண்டு மூணு இருக்கு.

கோக்கோபீட்டை ஊறவைத்து "அப்படியே" போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் என் சந்தேகம். தேங்காய் மட்டையை ஊறப்போடும் தண்ணீரைப் பொறுத்துக் கோக்கோபீட்டில் உப்பு தங்கியிருக்கும். கட்டியில் "கழுவியது" என்று எழுதியிருந்தால் சரி. எழுதாவிட்டால் வாளியில் ஊறவைத்து, துணியில் வடித்து, மீண்டும் நிறைய தண்ணீர் விட்டு, மூன்று தடவையாவது கழுவ வேண்டும். முதல் வடிநீர் தேத்தண்ணி நிறத்தில் வரும், மூன்றாவதில் வெளுக்கும். உப்புப் படுக்கையில் விட்ட புழு முதல் இரண்டு மூன்று நாளிலேயே ஓடப் பார்க்கும். உங்களுடையது பதினான்கு நாள் ஒழுங்காக இருந்திருக்கிறது, ஆகவே உப்பு முதல் குற்றவாளி இல்லை. ஆனாலும் அடுத்த கட்டியைக் கழுவியே போடுங்கள்.

அந்த நூல் போன்ற வெள்ளைப் புழு உங்கள் புழுவின் குஞ்சு இல்லை. ஆப்பிரிக்கப் புழுவின் குஞ்சு இளஞ்சிவப்பாக, உடம்புக்குள் ரத்தக்குழாய் சிவப்புக் கோடாகத் தெரியும். வெள்ளைவெளேரென்று கொத்தாக ஒரே இடத்தில் நெளிவது வேறு இனம், புளிப்பும் ஈரமும் கூடினால் பெருகும். அதுவும் குப்பையைத்தான் தின்கிறது, புழுவைக் கடிக்காது. குறைக்க வேண்டுமானால் ஒரு ரொட்டித் துண்டைப் பாலில் நனைத்து மேலே வையுங்கள், மறுநாள் அதில் மொய்த்திருக்கும், அப்படியே எடுத்து எறியலாம். ஆனால் படுக்கை சரியானால் தானே அடங்கிவிடும். அதன் பின்னால் ஓடி நேரத்தைச் செலவழிக்காதீர்கள்.

ஈரம் பற்றி. நீங்கள் தண்ணீர் தெளித்ததாக எழுதவில்லை, ஆனாலும் ஒரு டம்ளர் வடிந்திருக்கிறது. காய்கறித் தோலில் பத்துக்கு எட்டு ஒன்பது பங்கு தண்ணீர்தான். பிளாஸ்டிக் பெட்டி அதை வெளியே விடாது, நம் ஊர்க் காற்றும் உலர்த்தாது. வறண்ட ஊர்க்காரர்கள் எழுதுகிற "தினமும் தெளியுங்கள்" என்ற பாடம் இங்கே செல்லாது. ஒரு கை தீனிக்கு இரண்டு கை உலர்ந்த அட்டை, இதுவே கணக்கு. எட்டுத் துளையும் போதாது. அடியில் 6 மில்லிமீட்டரில் பதினைந்து துளை, விளிம்புக்கு இரண்டு விரல் கீழே நான்கு பக்கமும் சுற்றிச் சிறு துளைகள், உட்புறமாகப் பழைய வேட்டித் துணி ஒட்டுங்கள். பெட்டியைத் தட்டின்மேல் நேரே வைக்காமல் இரண்டு செங்கல்லின்மேல் தூக்கி வையுங்கள். துளை தண்ணீரில் முங்கியிருந்தால் துளை இருந்தும் இல்லாத மாதிரிதான்.

தட்டுத் தண்ணீரைக் கறிவேப்பிலைக்கு ஊற்ற வேண்டாம். அது புழு உரநீர் இல்லை, அழுகல் வடிந்த நீர். புளித்த வாடை வரும்வரை சாக்கடையில் கொட்டுங்கள். பெட்டி சரியாகி, வடிநீர் மழை பெய்த மண்ணைப்போல் வாசம் வந்தபிறகு ஒன்றுக்குப் பத்துத் தண்ணீர் கலந்து பூச்செடி வேருக்கு விடலாம். கீரைமேல் தெளிக்காதீர்கள்.

இன்னொன்று, தட்டில் தண்ணீர் நிற்க விடாதீர்கள். ஏடிஸ் கொசு முட்டை ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிப் பறந்துவிடும். 1975-ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி கொசுப்புழு கிடைத்தால் வீட்டுக்காரர்தான் பதில் சொல்ல வேண்டும், கொம்பவுன் (அபராதச் சீட்டு) வரும். மூன்று நாளுக்கொரு முறை கொட்டித் தட்டைத் தேயுங்கள். முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், வெறுமனே கொட்டினால் போகாது.

பந்தாய்_பால்கனி:

நாலு நாள் கழிச்சு எழுதுறேன். சொன்னபடி செஞ்சாச்சு. சக்கை மட்டும் ஒண்ணே கால் கிலோ வந்துது. நடுவுல பிடி பிடியா கெட்டியா, தொட்டா கை சுட்டுது. புழுவைத் தனியா எடுத்து எடை போட்டா, ஒட்டின மண்ணோட 310 கிராம். வெப்பம் முதல் நாள் 33, இன்னைக்கு 29. வாடை குறைஞ்சிருக்கு. பெரும்பாலும் புது அட்டைப் பக்கம் போயிடுச்சு. தொட்டா வெடுக்குனு துள்ளுது.

இப்போ ரெண்டு புதுத் தொல்லை. எறும்பு வரிசையா ஏறுது. அப்புறம் பழைய படுக்கைப் பக்கம் பழுப்பு நிறத்துல, தட்டையா, வளையம் வளையமா, அரை விரல் நீளத்துல கெட்டியான புழு. கொஞ்சமில்ல, முப்பதாவது இருக்கும். நசுக்கினா நசுங்கல.

ஜெலுத்தோங்_அக்கா:

எறும்பு வருகிறதென்றால் எங்கோ ஓரம் உலர்ந்துவிட்டது அல்லது இனிப்பு மேலே கிடக்கிறது. பழத்தோலைப் புதைத்து, உலர்ந்த ஓரத்தை நனைத்தாலே பாதி போய்விடும். மீதிக்குச் செங்கல்லை எடுத்துவிட்டு நான்கு கிண்ணங்களில் நான்கு சிறு தகர டின்களைக் கவிழ்த்து, அவற்றின்மேல் பெட்டியை ஏற்றுங்கள். கிண்ணத்தில் தண்ணீரும் இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவமும். திரவம் இல்லாமல் வெறும் தண்ணீர் வைத்தால் எறும்புக்குப் போட்ட அகழி கொசுவுக்குத் தொட்டிலாகிவிடும். பெட்டி சுவரைத் தொடக் கூடாது, துணி நுனி தொங்கக் கூடாது. எறும்புக்கு ஒரு நூல் போதும் பாலம் கட்ட. எறும்புச் சாக்பீஸ், மருந்து ஸ்ப்ரே இரண்டும் பெட்டிப் பக்கமே வரக் கூடாது.

செந்தூல்_மாடித்தோட்டம்:

அந்தப் பழுப்புப் புழு பிளாக் சோல்ஜர்ங்கிற ஈயோட லார்வா, அதாவது புழுப் பருவம். பார்க்கத்தான் பயங்கரம், உங்க புழுவை ஒண்ணும் செய்யாது. ஆனா தீனியைப் போட்டி போட்டுத் தின்னும், கூட்டம் சேர்ந்தா சூடு கிளப்பும். உங்க சக்கைக்கும் சோத்துக்கும்தான் வந்திருக்கு. முப்பதுதானே, கரண்டியால பொறுக்குங்க. கீழ் வீட்டுல கோழி வளர்க்கிறவங்க இருந்தா கொண்டுபோய்க் கொடுங்க, சண்டை போட்டுத் தின்னும். அடர்ந்த பழுப்பா மாறிட்டா அது தின்னுறதை நிறுத்திடுச்சு, தானே வெளிய ஏறிப் போயிடும்.

மறுபடி வராம இருக்க ஒரு விஷயம். அந்த ஈ ஈரத்துல முட்டை வைக்காது, தீனிக்குப் பக்கத்துல உலர்ந்த இடுக்கு தேடும். நெளி அட்டையோட வெட்டு விளிம்புல இருக்கிற குழாய்த் துளை அதுக்கு அளவெடுத்துச் செஞ்ச மாதிரி. அதனால மேலாப்புல உலர்ந்த அட்டைத் துண்டு நீட்டிட்டு இருக்கக் கூடாது. எல்லாத்துக்கும் மேல நனைச்ச நாளிதழ் நாலு தாள், பெட்டி அளவுக்கு மடிச்சு, ஓரம் வரைக்கும் மூடுங்க. மூடித் துளைக்கும் துணி ஒட்டுங்க.

தாமான்_மூலை:

ஒரு சந்தேகம். வாங்கினது நிஜமாவே ஆப்பிரிக்கப் புழுதானா? சில பேர் கலந்து அனுப்புறாங்க. ஆப்பிரிக்கப் புழு தடியா, சாம்பல் கலந்த ஊதா, வால் பக்கம் வெளிறிப் போயிருக்கும், முழுசா வளர்ந்தது ஒரு ஜாண் நீளம்கூட வரும். ஒல்லியா, வெளிச்சத்துல நீலமா மினுக்கி, தொட்டதும் பாம்பு மாதிரி விறுவிறுன்னு ஓடினா அது இந்திய நீலப் புழு. அது மழைக்கு முன்னாடி எந்தக் குறையும் இல்லாமலே கூட்டமா கிளம்பிடும். ஏப்ரல்லயும் அக்டோபர், நவம்பர்லயும் சாயங்காலம் இடி மழை வர்ற மாசத்துல விளக்கு எரிய விடுறதைத் தவிர வழியில்ல.

பந்தாய்_பால்கனி:

தடிதான், ஜாண் நீளம். ஒல்லியா ஒண்ணு ரெண்டு கண்ணுல பட்டுது. சரி, வாரம் முடிஞ்சு தீனி எப்படி ஆரம்பிக்கிறது? அரை எடை தின்னும்னு படிச்சுத்தான் 300 கிராம் போட்டேன்.

செந்தூல்_மாடித்தோட்டம்:

"அரை எடை"ங்கிறது பழகின பெட்டியோட உச்சம், புதுப் பெட்டிக்கு இல்ல. புழு நேரா தோலைத் தின்னுறதில்ல, அதுமேல வளர்ற நுண்ணுயிரைத்தான் தின்னுது. அந்தக் கூட்டம் சேர ரெண்டு மூணு வாரம் ஆகும். இத்தனைக்கும் அரை கிலோ புழுவுக்கு அரை எடைன்னாலே 250 கிராம்தான், நீங்க அதையும் தாண்டிட்டீங்க. 310 கிராம் புழுவுக்கு நாளைக்கு 60 கிராம்னு வெச்சு, மூணு நாளைக்கு ஒரு தடவை 180 கிராம். பெட்டியை மனசுல நாலு மூலையா பிரிச்சுக்குங்க. ஒவ்வொரு தடவையும் அடுத்த மூலை, ரெண்டு அங்குலம் பள்ளம், தீனி ஒரு அங்குலத்துக்கு மேல கனமில்லாம பரப்பி மூடுங்க. சுத்தி முதல் மூலைக்கு வரும்போது பழசு அடையாளம் தெரியாம போயிருந்தா அளவைக் கொஞ்சம் கூட்டலாம். அப்படியே கிடந்தா அந்தச் சுத்து பட்டினி.

தோலை முதல்ல ஃபிரீசர்ல ஒரு ராத்திரி வெச்சு, உருகினதும் தண்ணியை வடிச்சிட்டுப் போடுங்க. பழ ஈ முட்டை செத்துடும், தோலும் குழைஞ்சு சீக்கிரம் மக்கும். எடை 500-க்குத் திரும்ப ரெண்டு மூணு மாசம் ஆகலாம். எலுமிச்சம்பழம் மாதிரி ரெண்டு பக்கமும் கூரா சின்ன முட்டைக்கூடு கண்ணுல பட்டா பெட்டி தேறிடுச்சுன்னு அர்த்தம்.

ஜெலுத்தோங்_அக்கா:

நம் வீட்டுச் சமையலுக்குத் தகுந்த மாதிரி சொல்கிறேன். வாழைப்பழத் தோல், பூசணி, வெள்ளரி, கங்கோங் கீரைத் தண்டு, கோப்பித் திப்பி எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு போடலாம். டீத்தூள் சரி, ஆனால் தே தாரிக் வடித்த தூளில் கெட்டிப்பால் ஒட்டியிருக்கும், அலசிவிட்டுப் போடுங்கள். டீ பைகளில் பல நைலான், கிழித்துத் தூளை மட்டும். சாப்பிட்ட வாழையிலை நல்ல தீனி, சாம்பார் உப்பைக் கழுவிச் சிறு துண்டாக நறுக்கினால். முருங்கைக்கீரை ஒரு பிடிக்குமேல் வேண்டாம், சூடேறும். வெங்காயம், பூண்டு, மிளகாய், எலுமிச்சை, சம்பால், ஊறுகாய், எண்ணெய் பட்ட எதுவும் கூடாது. ரம்புத்தான், மங்குஸ்தீன், டுரியான் தோல்கள் இந்தப் பெட்டிக்கு ஆகாது, ஒரு வருஷம் ஆனாலும் அப்படியே இருக்கும்.

தேங்காய்ச் சக்கையை விடவே மனமில்லை என்றால், தனி வாளியில் மூன்று பங்கு உலர்ந்த இலை, ஒரு பங்கு சக்கை கலந்து, வாரம் இரண்டு முறை கிளறி, சூடு முழுக்க அடங்கும்வரை மக்கவிட்டுப் பிறகு ஒரு கை போடலாம். கொண்டோவில் அதற்கு இடமேது என்றால், குப்பைக்கே அனுப்புங்கள்.

பந்தாய்_பால்கனி:

நன்றி அக்கா. வெள்ளிக்கிழமை சாமி படத்துக்குப் போட்ட பூ? வாரா வாரம் ஒரு பை சேருது.

ஜெலுத்தோங்_அக்கா:

பூ போடலாம், மாலை போடக் கூடாது. நாரை முழுக்க உருவுங்கள். இப்போது பாதி மாலை நைலான் நூலில்தான் கட்டி வருகிறது, புழு அதில் சிக்கி அறுந்துபோகும். குங்குமம், கற்பூரம் பட்டதை ஒதுக்குங்கள். கடைப் பூவில் மருந்து அடித்திருக்கக்கூடும், அதனால் அலசி, முதல் தடவை ஒரே ஒரு பிடியை ஒரு மூலையில் வைத்துப் பாருங்கள். மூன்று நாளில் புழு அந்த மூலைக்கு வந்தால் சரி, விலகியே இருந்தால் அந்தக் கடைப் பூ வேண்டாம்.

செந்தூல்_மாடித்தோட்டம்:

மருந்துன்னதும் ஞாபகம் வருது. கொண்டோவுல டெங்கிப் புகை அடிக்கிற அறிவிப்பு லிஃப்டுல ஒட்டுவாங்க. அன்னைக்குப் பெட்டியை உள்ள இழுத்து, மூடி மேல ஈரத்துணி போட்டு, பால்கனிக் கதவைச் சாத்திடுங்க. புகை அடங்கி ரெண்டு மணி நேரம் கழிச்சுத் துணியை எடுத்து அலசிடுங்க. அந்தத் துணியைத் திரும்பப் பெட்டிக்குள்ள போட்டுடாதீங்க.